மின்னலை கண்ட ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்

செம்புக் கம்பியை ஒரு குழாயின்மேற் சுருளாகச் சுற்றி, அதனோடு மின்தேக்கி ஒன்றை இணைத்து, அவ்விணைப்பைக் கூட்டியும் குறைத்தும் திருத்தி, வானில் வரும் பல அலைகளுள் தாம் வேண்டிய ஒன்றை மட்டும் பிடித்து மகிழ்தல் பௌதிக சாஸ்திரத்தில் விருப்பமுள்ள இளைஞர் பலரும் செய்துபார்த்த வேலையே. விலை மிகுந்த கருவி யாதும் இதற்கு வேண்டுவதில்லை. கம்பியும், பொறுமையும், அளந்து பார்க்கும் பழக்கமும் இருந்தாற் போதும். இத்தகைய எளிய பொருள்களைக் கொண்டே, கண்ணுக்குப் புலனாகாத மின்னலைகள் வெளியில் ஓடுகின்றன என்னும் பேருண்மையை ஐயமற நிறுவியவர் ஜெர்மானிய தேசத்து ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்பார். முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்த இப்பெரியாரின் சரிதம், கைத்திறனும் கணிதத் திறனும் ஓரிடத்தே கூடின் யாது விளையும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஹெர்ட்ஸ் 1857-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 22-ஆம் நாள் ஹாம்பர்க் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் குஸ்டாவ் ஹெர்ட்ஸ் அந்நகரில் வழக்கறிஞராக இருந்து, பிற்காலத்தில் நகராட்சி மன்றத்தில் உயர்ந்த பதவியும் பெற்றவர். குடும்பம் கல்வியும் செல்வமும் உடையது. எனினும் சிறுவன் ஹைன்ரிக் ஏட்டுக் கல்வியோடு அமைந்தானல்லன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொழிற்பள்ளிக்குச் சென்று வரைபடம் எழுதப் பழகினான். வீட்டில் தச்சு மேடையும் கடைசல் இயந்திரமும் அமைத்துக்கொண்டு, மரத்தையும் உலோகத்தையும் கடைந்து தானே கருவிகள் செய்தான். அரபு மொழி கற்பதிலும் சிறந்து விளங்கியமையால், அவனை மொழித்துறையில் விடவேண்டுமென்று அம்மொழி கற்பித்த ஆசிரியர் விரும்பினார். கடைசற் கலை கற்பித்த தொழிலாளியோ, தம் மாணாக்கன் பின்னாளிற் பேராசிரியனானான் என்று கேள்வியுற்றபோது, ஒரு நல்ல கடைசற்காரனை உலகம் இழந்துவிட்டதே என்று வருந்தினாராம்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஹெர்ட்ஸ் பொறியியல் தொழிலையே நாடினார். 1875-இல் பிராங்க்பர்ட் நகரிற் கட்டட வேலையிற் பயின்று, டிரெஸ்டன் நகரில் சிறிது காலம் படித்து, ஓராண்டு படைப்பணியும் புரிந்து, 1877-இல் ம்யூனிக் நகரையடைந்தார். அங்கேதான் அவர் மனத்தில் ஒரு போராட்டம் எழுந்தது. பொறியாளனாகிப் பொருளீட்டுவதா, இயற்கையின் இரகசியங்களை ஆராயும் வறிய வழியை மேற்கொள்வதா என்று கலங்கித் தந்தையாருக்குக் கடிதம் எழுதி அவருடைய இசைவை வேண்டினார். தந்தையார் இசைந்தனர். அடுத்த ஆண்டே ஹெர்ட்ஸ் பெர்லின் சர்வகலாசாலையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். சேர்ந்த ஓராண்டிற்குள், ஓடும் மின்சாரத்திற்குத் தனியே எடை யாதேனும் உண்டோ என்னும் வினாவை ஆராய்ந்து சர்வகலாசாலையின் பொற்பதக்கத்தை வென்றார். 1880-இல் தம் இருபத்து மூன்றாம் வயதில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அக்காலத்து மின்னியலின் நிலையை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். இங்கிலாந்தில் பாரடே கண்ட உண்மைகளை அடிப்படையாகக் கொண்டு, மாக்ஸ்வெல் என்னும் கணித மேதை 1865-இல் ஒரு கொள்கையை வெளியிட்டிருந்தார். மின்விசையும் காந்தவிசையும் ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு நொடியிற் பாய்வனவல்ல. இடையிலுள்ள வெளியில் அலைகளாய்ப் பரவுவன. அவற்றின் வேகம் ஒளியின் வேகமே. ஒளியும் அத்தகைய அலையே என்பது அக்கொள்கையின் சாரம். ஆயின் அதனைச் சோதனையால் எவரும் மெய்ப்பித்தாரல்லர். 1879-இல் மாக்ஸ்வெல் மறைந்தார். அதே ஆண்டில் பெர்லின் அறிவியற் கழகம், மின்கடத்தாப் பொருள்களில் மின்விசை மாறும்போது மாக்ஸ்வெல் கூறியவாறு விளைவுகள் தோன்றுமோ என்பதைச் சோதித்துக் காட்டுவோருக்குப் பரிசு அறிவித்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனைத் தம் மாணாக்கர் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று விரும்பினார். ஹெர்ட்ஸ் ஆழ்ந்து கணக்கிட்டுப் பார்த்தார். அத்துணை விரைவான மின்னதிர்வை உண்டாக்கும் வழி அப்போது தமக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த வழிகளிற் கிடைக்கும் விளைவோ அளக்க இயலாத அளவு சிறியது. ஆதலின் அவர் அவ்வேலையை ஏற்காது விடுத்தார். ஆயினும் அவ்வினா அவர் நெஞ்சை விட்டகலவில்லை.

மூன்றாண்டுகள் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்குத் துணைவராயிருந்தபின், 1883-இல் கீல் நகரத்துச் சர்வகலாசாலையில் விரிவுரையாளரானார். அங்கே நல்ல சோதனைச்சாலை இல்லாமையால் கணித ஆராய்ச்சியிற் காலங் கழித்தார். 1885-இல் கார்ல்ஸ்ரூ நகரத்துத் தொழிற்கலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், உடன் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவரின் மகளாகிய எலிசபெத் டால் என்னும் நங்கையை மணந்துகொண்டார். மணமாகிச் சில மாதங்களே கழிந்தபோது, அவர் ஏழாண்டுக்கு முன் கைவிட்ட வினாவிற்கு வழி, எதிர்பாராத இடத்திலே திறந்தது.

கார்ல்ஸ்ரூ கலாசாலையின் கருவி அறையில், மாணாக்கர்க்குக் காட்டுவதற்காக வைத்திருந்த பழைய தட்டைக் கம்பிச்சுருள்கள் இரண்டு இருந்தன. ஒன்றனருகே மற்றொன்றை வைத்து, முதற் சுருளின் வழியே மின்சாரத்தைப் பாய்ச்சினால் இரண்டாவதன் முனைகளிற் பொறி தோன்றும். இதற்குப் பெரிய மின்கலங்கள் வேண்டும் என்றே அனைவரும் கருதியிருந்தனர். 1886-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஹெர்ட்ஸ் இச்சுருள்களைச் சோதித்தபோது, சிறியதொரு லெய்டன் ஜாடியின் மின்சாரமே போதுமென்பதைக் கண்டு வியந்தார். ஆனால் அம்மின்சாரம் முதற் சுருளின் வழியில் விடப்பட்ட ஓர் இடைவெளியைப் பொறியாய்த் தாண்டிச் செல்லுதல் வேண்டும். மற்றொருவராயின் இதனை மாணாக்கர்க்குக் காட்டி மகிழ்ந்து விட்டிருப்பர். ஹெர்ட்ஸோ, அப்பொறியினுள்ளே தாம் தேடிய மிக விரைவான மின்னதிர்வு ஒளிந்திருக்கின்றது என்று உய்த்துணர்ந்தார்.

இதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்திற்கு ஒத்த காலத்தில் மெல்லத் தள்ளினும் அது மேன்மேலும் உயர்ந்தாடும். காலந் தவறித் தள்ளின் எத்துணை வலிதாய்த் தள்ளினும் பயனில்லை. மின்சுற்றும் அத்தகையது. சுற்றிலுள்ள கம்பி, மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் இயல்புடையது. இதனைத் தன்தூண்டல் என்பர். முனைகளிலுள்ள தகடுகளோ குண்டுகளோ மின்சாரத்தைத் தேக்கிவைக்கும். இது கொள்திறன் எனப்படும். இவ்விரண்டன் பெருக்கத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப அச்சுற்றின் அதிர்வு காலம் அமையும். ஆதலின் கம்பியின் நீளத்தையோ முனைத் தகட்டின் அளவையோ குறைத்தால் அதிர்வு விரைவாகும், கூட்டினால் மெதுவாகும். ஒரு சுற்றின் அதிர்வு காலம் அடுத்த சுற்றின் காலத்தோடு ஒத்திருப்பின், முன்னதன் ஆற்றல் பின்னதிற் சேர்ந்து வளரும். இதுவே ஒத்ததிர்வு.

ஹெர்ட்ஸ் சுருள்களை விடுத்து, அவற்றினும் எளிய வடிவங்களை அமைக்கத் தொடங்கினார். கம்பியில் எத்துணைச் சுற்று மிகுமோ அத்துணை அதிர்வு மெதுவாகும் என்று கண்டு, முதற் சுற்றை ஒரு நேர்கம்பியாகவே நீட்டினார். அதன் நடுவில் இரு குண்டுகளுக்கிடையே சிறியதோர் இடைவெளி. இரு கோடிகளிலும் உலோகக் குண்டுகளோ தகடுகளோ. இதற்கு மின்சாரம் ஊட்டுவது ஒரு தூண்டு சுருள். இரண்டாம் சுற்றாவது, ஒரு செம்புக் கம்பியைச் சதுரமாகவோ வட்டமாகவோ வளைத்து, முனைகள் தொடாவண்ணம் நுண்திருகு ஒன்றினால் மிகச் சிறிய இடைவெளி விட்டமைத்தது. இவ்வளவே கருவி. இளமையிற் கடைசல் பழகிய கைகளுக்கு இவை அருமையானவையல்ல.

அருமை சோதனையில் இருந்தது. இரண்டாம் சுற்றில் தோன்றும் பொறி சிற்சில வேளைகளில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கே நீளமுடையது. விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே நிலைப்பது. அதனைக் காண்பதற்கு அறையை முற்றும் இருளாக்கிக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுதல் வேண்டும். இப்படிப் பழகிய கண்ணோடு, ஹெர்ட்ஸ் இரண்டாம் சுற்றின் கம்பியைச் சிறிது சிறிதாக நீட்டி, ஒவ்வொரு நீளத்திலும் பொறி எவ்வளவு இடைவெளியைத் தாண்டுகிறது என்று திருகினால் அளந்து குறித்தார். கம்பி நீள நீளப் பொறியும் நீண்டது. ஒரு நிலையில் உச்சத்தை அடைந்தது. மேலும் நீட்டியபோது குறைந்தது. இவ்வளவுகளை அவர் வரைபடமாக்கியபோது மலைச்சிகரம் போன்ற வளைகோடு தோன்றிற்று. முதற் சுற்றின் கொள்திறனைக் கூட்டியவிடத்து அச்சிகரமும் இடம் பெயர்ந்தது. மின்னதிர்வு உண்டென்பதும், இரு சுற்றுகளும் ஒத்ததிர்கின்றன என்பதும் இதனால் வெளியாயின. 1887-இல் இதனை வெளியிட்டார்.

இவ்வாராய்ச்சியினிடையே மற்றொரு விந்தை நேர்ந்தது. சிறு பொறியை நன்றாகக் காணும் பொருட்டு ஹெர்ட்ஸ் இரண்டாம் சுற்றின் இடைவெளியை ஒரு பெட்டியினுள் மறைத்தார். உடனே பொறி சுருங்கிற்று. மறைப்பது மின்விசையையன்று, முதற் பொறியின் ஒளியையே என்பதை அவர் படிப்படியாய்க் கண்டார். கண்ணாடியை இடையில் வைத்தாலும் பொறி சுருங்கும். குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லை வைத்தால் சுருங்காது. ஆகவே ஊதா நிறத்திற்கு அப்பாலுள்ள கண்காணா ஒளியே பொறிக்குத் துணைசெய்கின்றது என்று தெளிந்தார். தம் முதல் நோக்கத்திற்கு இஃது இடையூறாயினும், ஒதுக்கித் தள்ளாமல் மாதக்கணக்கில் ஆராய்ந்து, கண்டதை மட்டும் கூறி, காரணம் கற்பியாது வெளியிட்டார். இவ்விளைவிற்குக் காரணம் 1905-இல் ஐன்ஸ்டைனால் விளக்கப்பெற்றது. அதனை முன்னிட்டே அவர்க்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, கைவிட்ட பழைய வினாவிற்கு வருவோம். இரண்டாம் சுற்றாகிய வளையத்தை முதற் கம்பியின் அருகே சிற்சில நிலைகளிற் பிடித்தாற் பொறி முற்றும் மறைந்துவிடும். அந்நிலையில் வளையத்தை நிறுத்திவிட்டு, மின்கடத்தாப் பொருளைப் பெருந்திரளாக அருகே கொணர்ந்தால் என்ன நிகழும்? ஹெர்ட்ஸ் 800 கிலோகிராம் எடையுள்ள நிலக்கீற் பாளத்தைக் கருவியினருகே வைத்தார். மறைந்திருந்த பொறி மீண்டும் தோன்றிற்று. கடத்தாப் பொருளிலும் மின்விசையின் மாற்றம் விளைவு தருகின்றது என்பது நிலைபெற்றது. 1887-ஆம் ஆண்டு நவம்பரில் இதனைக் கட்டுரையாக்கி, அவ்வினாவை முதலில் தமக்கு எடுத்துக்காட்டிய ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கே அனுப்பிவைத்தார்.

எஞ்சியது அலையைக் காண்பது. கார்ல்ஸ்ரூ விரிவுரை மண்டபம் 15 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உடையது. தொங்கும் விளக்குகளையெல்லாம் அகற்றிவிட்டு, ஒரு பக்கத்துச் சுவரில் 4 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் உள்ள துத்தநாகத் தகட்டைப் பதித்தார். எதிர்ப்பக்கத்தில் அதிர்வுண்டாக்கும் கம்பியை நிறுத்தினார். அதிலிருந்து செல்லும் அலை தகட்டிற் பட்டு மீண்டு, எதிரே வரும் அலையோடு கலந்து நிலையலையாக வேண்டும். 35 செண்டிமீட்டர் ஆரமுள்ள வளையத்தைக் கையிலேந்தி அவர் இருளில் நடந்தார். ஓரிடத்திற் பொறி ஒளிர்ந்தது. அப்பாற் செல்லச் செல்ல மங்கி மறைந்தது. மேலுஞ் செல்ல மீண்டும் ஒளிர்ந்தது. வீணையின் தந்தி அசையாத கணுக்களும் மிக அசையும் இடங்களுமாக நிற்பதுபோல வெளியும் நின்றது. அரை அலையின் நீளம் 4.8 மீட்டர் என்று அளந்தார். அலை ஒளியின் வேகத்திற் செல்வதாயின், இது விநாடிக்கு ஏறத்தாழ மூன்று கோடி அதிர்வாகும்.

1888-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கருவியை இன்னும் சுருக்கினார். 26 செண்டிமீட்டர் நீளமுள்ள பித்தளைக் கம்பத்தினின்று 66 செண்டிமீட்டர் நீளமுள்ள அலைகளை எழுப்பி, துத்தநாகத் தகட்டை வளைத்துச் செய்த 2 மீட்டர் உயரக் குழியாடியின் குவியத்தில் அதனை நிறுத்தினார். அலைகள் ஒளிக்கற்றை போல் நேரே சென்றன. உலோகத் தகட்டிற் பட்டுத் திரும்பின. 600 கிலோகிராம் எடையுள்ள நிலக்கீல் முப்பட்டகத்திற் புகுந்து திசை மாறின. இணையான கம்பிகள் பூட்டிய சட்டத்தை ஒருவாறு நிறுத்தினால் ஊடுருவின, திருப்பி நிறுத்தினால் நின்றன. மூடிய மரக்கதவிற்கு அப்பாலுள்ள அறையினுள்ளும் பொறி தோன்றிற்று. ஒளிக்குரிய இயல்புகளெல்லாம் மின்னலைக்கும் உண்டென்பது கண்கூடாயிற்று. மாக்ஸ்வெல்லின் கொள்கை வெறுங் கணிதமாயிருந்த நிலை மாறிப் பௌதிக உண்மையாய் நின்றது.

இவ்வளவு பெருமை பெற்ற ஆராய்ச்சியிலும் பிழை இல்லாமற் போகவில்லை. கம்பியின்மீது ஓடும் மின்னலை, வெளியில் ஓடும் அலையினும் மெதுவாய்ச் செல்கின்றது என்று ஹெர்ட்ஸின் அளவுகள் காட்டின; மாக்ஸ்வெல் கொள்கைப்படி இரண்டும் ஒத்த வேகமுடையனவாதல் வேண்டும். மேலும் அதிர்வு காலத்தைக் கணக்கிட்டதில் ஒரு தவறு இருந்தது. பிரெஞ்சுக் கணித மேதையாகிய பாய்ன்காரே அதனைச் சுட்டிக் காட்டினார். ஹெர்ட்ஸ் தம் கட்டுரைகளைத் தொகுத்து 1892-இல் நூலாக்கியபோது இவ்விரண்டனையும் மறைத்தாரல்லர். கணக்கின் தவறு இன்னதென்றும், அதனைக் கண்டவர் இன்னாரென்றும் கூறினார். மண்டபத்தின் சுவர்களும் அங்கிருந்த இரும்பு அடுப்புகளும் அலையைத் திரித்திருத்தல் கூடும் என்றும் எழுதினார். 1893-இல் ஜினீவா நகரத்து அறிஞர் சாரசின், தெ லா ரீவ் என்பார் பெரியதொரு மண்டபத்தில் அளந்து, இரு வேகங்களும் ஒன்றே என்று காட்டினர். தம் அளவே தம் வெற்றிக்கு மாறாக நின்றபோதும் அதனைத் திருத்தி எழுதாமல் கண்டவாறே வெளியிட்ட நேர்மை, அவர் கண்ட அலையினும் அரியதென்று கூறுதல் மிகையாகாது.

1889-இல் பான் நகரத்துச் சர்வகலாசாலையில் கிளாசியஸ் என்னும் பேரறிஞர் வகித்த இடத்தில் ஹெர்ட்ஸ் அமர்த்தப்பெற்றார். அடுத்த ஆண்டு இலண்டன் இராயல் சங்கம் ரம்போர்டு பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. நார்வே தேசத்து இளைஞராகிய பியர்க்னெஸ் அவரிடம் பயின்று, பொறிச் சுற்றின் அதிர்வு விரைவில் அடங்கிவிடுவதென்றும், வளையத்தின் அதிர்வோ நெடிது நிலைப்பதென்றும் கணித்து, ஒத்ததிர்வின் இயல்பை மேலும் விளக்கினார். இவ்வலைகளாற் பேச்சை அனுப்ப இயலுமோ என்று பொறியாளர் ஒருவர் எழுதிக் கேட்டபோது, பேச்சின் அதிர்வு மிக மெதுவாதலின் அதற்குரிய அலைகள் பல நூறு கிலோமீட்டர் நீளமாகும் என்றும், அவற்றைக் குவிக்கக் கண்டமளவான ஆடி வேண்டுமென்றும் ஹெர்ட்ஸ் விடையிறுத்தார். விரைந்த அலையின்மேல் பேச்சின் அதிர்வை ஏற்றி அனுப்பும் முறை பின்னரே பிறந்தது.

அதனைக் காண அவர் இருந்தாரல்லர். 1892-இல் மூக்கிலும் தாடையிலும் நோய் தோன்றி, பன்முறை சத்திர சிகிச்சை செய்தும் தீராமல் வருத்திற்று. வேதனையினிடையே இயக்கவியலின் அடிப்படைகளைப் பற்றியதொரு நூலை எழுதி முடித்தார். 1894-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், முப்பத்தேழு வயது நிரம்பு முன்னரே, பான் நகரில் உயிர் நீத்தார். ஹாம்பர்க் நகரில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. ஆசிரியராகிய ஹெல்ம்ஹோல்ட்ஸ், தம் மாணாக்கரின் இறுதி நூலுக்கு முன்னுரை எழுதி, அவ்வாண்டிலேயே தாமும் மறைந்தார்.

ஹெர்ட்ஸ் இறந்த ஆண்டிலேயே அவருடைய சோதனைகளைப் பற்றிப் படித்த இத்தாலிய இளைஞர் மார்க்கோனி, அலைகளைச் செய்தி அனுப்பப் பயன்படுத்த எண்ணங்கொண்டார். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ், சுருளையும் கொள்திறனையும் பொருத்தி, வேண்டிய அலையை மட்டும் ஏற்கும் சுற்றுகளை அமைத்து 1897-இல் உரிமை பெற்றார். நம் நாட்டிற் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், ஹெர்ட்ஸின் அலையினும் பன்மடங்கு குறுகிய மில்லிமீட்டர் அலைகளை எழுப்பி ஆராய்ந்தார். ஆயினும் அவர் பிறந்த நாடு அவருடைய குடும்பத்தாரிடம் நன்றி பாராட்டவில்லை. தந்தையாரின் குலம் முன்னர் யூத குலமாயிருந்த காரணத்தால், நாஜி ஆட்சியில் அவருடைய மனைவியாரும் இரு புதல்வியரும் தாய்நாட்டை விட்டு இங்கிலாந்திற் புகலடைய நேர்ந்தது. அவர் பெயரோ உலகெங்கும் நிலைத்தது. விநாடிக்கு ஓரதிர்வு என்னும் அளவிற்கு ஹெர்ட்ஸ் என்று பெயரிடுவதை 1960-இல் நிறைகளும் அளவைகளும் பற்றிய அனைத்துலக மாநாடு ஏற்றுக்கொண்டது.

மாணாக்கர் இச்சரிதத்தினின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஹெர்ட்ஸுக்கு முன்னரும் பலர் இத்தகைய பொறிகளைக் கண்டிருந்தனர்; அவர்கள் அதனைப் பக்கத்து நிகழ்ச்சியென்று விட்டனர். அவரோ, எண்ணத்தில் ஒரு வினாவைச் சுமந்திருந்தமையால் பொறியின் பொருளை அறிந்தார். கையில் தொழில் இருந்தமையால் அதனைச் சோதிக்கும் கருவியைத் தாமே செய்துகொண்டார். நெஞ்சில் நேர்மை இருந்தமையால் அளந்ததை அளந்தவாறே கூறினார். கம்பியும் தகடும் எக்கலாசாலையிலும் கிடைப்பனவே. வினாவும் தொழிலும் நேர்மையும் அவரவர் ஈட்டிக்கொள்ள வேண்டியவை.